‘இன்வின்சிபிள் ஷீல்ட்’: ஸ்ட்ரீமிங்கா, சி.டி.யா, எல்.பி.யா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஹெவி மெட்டல் கேட்கும் தமிழர்கள் அனைவரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அப்போதும் பின் இருக்கையில் ஒரு கிதாரைப் படுக்கவைக்க இடம் மிஞ்சும். ஆனால் அந்த வேனுக்குள் ஒரு கேள்வியைப் போட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பிரிட்டிஷ் மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்டின் ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ ஆல்பத்தை இணையம் வழி ஸ்ட்ரீமிங்காகக் கைப்பேசியில் கேட்டுக்கொண்டால் போதுமா, சி.டி.யாக வாங்க வேண்டுமா, அல்லது ஊசி ஓடும் பெரிய இசைத்தட்டான எல்.பி.யாக, அதுவும் இரட்டைத் தட்டாக, வாங்கி அலமாரியில் நிறுத்த வேண்டுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பத்துக்கு, இந்த ஊரில், 11 பாடல்கள் கொண்ட சாதாரண சி.டி.தான் சரி. எல்.பி.காரர்கள் கோபப்படுவார்கள். படட்டும், அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

வடிவத்தைப் பேசுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் பேச வேண்டும். ஆல்பம் வெளியானது 2024 மார்ச் 8. குழுவின் 19-ஆவது ஸ்டூடியோ ஆல்பம். முதல் ஆல்பம் 1974-இல் வந்தது. இடையே ஐம்பது ஆண்டுகள். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு வெளியீட்டின்போது வயது 72. கிதார் கலைஞர் கிளென் டிப்டன் தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018-இல் அறிவித்தார். அதன் பிறகு மேடைகளில் பெரும்பாலும் அவர் இடத்தில் நின்று வாசிப்பவர் ஆண்டி ஸ்னீப். இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளரும் அவரே. இன்னொரு கிதார் கலைஞரான ரிச்சி ஃபால்க்னருக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோதே இதயத்தின் பெருந்தமனி கிழிந்தது. மேடையை விட்டு இறங்கியவரை நேரே அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பாஸ் கிதாரில் இயன் ஹில், டிரம்ஸில் ஸ்காட் டிராவிஸ். இத்தனை அடிபட்ட குழு எடுத்த ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. அவர்களுடைய பேர்பெற்ற 1980 ஆல்பமான ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ கூட அங்கே 4-ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

மொத்தம் ஏறத்தாழ 52 நிமிடம். முதல் மூன்று பாடல்களும் வேகம். ‘பேனிக் அட்டாக்’ 1980-களின் மின்னொலிச் சாயலோடு மெல்ல எழுந்து, பிறகு பாய்கிறது. இணையத்தில் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும் கோபத்தைப் பற்றிய பாட்டு. இரண்டாவது பாடல் மூச்சுவிட இடம் தருவதில்லை. மூன்றாவதான தலைப்புப் பாடல் ஆறு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. இரண்டு கிதார்களும் கைகோர்ப்பது முழுமையாகத் தெரிவது இங்கேதான். இரண்டு நாகஸ்வரங்கள் ஒன்றையொன்று மறிக்காமல் ஒரே வரியைச் சுமந்துபோவதைக் கோயில் திருவிழாவில் கேட்டவருக்கு இந்த இரட்டைக் கிதார் முறையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. நான்காவது பாடலில் வேகம் இறங்குகிறது. ஆறாவதான ‘கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்’ முணுமுணுக்கத்தக்க மெட்டு. மெட்டல் பிடிக்காதவரையும் ஒரு நிமிடம் நிற்க வைக்கும். ஒன்பதாவது பாடல் கனத்து ஊர்கிறது. கடைசியான ‘ஜயன்ட்ஸ் இன் தி ஸ்கை’ மறைந்த இசைத் தோழர்களுக்கான அஞ்சலி. இந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக அமைந்ததல்ல. யாரோ உட்கார்ந்து வரிசை போட்டிருக்கிறார்கள். என் முடிவின் பாதி இந்த வரிசையைப் பொறுத்தே அமைகிறது.

ஒரு சிறு விலகல். ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ பதிவின்போது இரும்பு மனிதர்கள் நடந்துவரும் ஓசை தேவைப்பட்டது. ஒலிமாதிரிகளைக் கணினியில் இழுத்துப் போடும் காலம் அல்ல அது. கரண்டிகளும் முள்கரண்டிகளும் நிறைந்த தட்டைக் குலுக்கி அந்த ஓசையைப் பிடித்தார்கள். பர்மிங்ஹாம் பக்கத்து வார்ப்பாலைகளின் இரைச்சலில் வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். எண்ணெய் ஆலையும் ரப்பர் ஆலையும் பார்த்து வளர்ந்த நமக்கு அது வேடிக்கையாகப் படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டப்புறத்துக்கு இந்த இசை பர்மிங்ஹாமிலிருந்து நேரே வரவில்லை. ‘சர்ச்’ (Search), ‘விங்ஸ்’ (Wings) போன்ற மலாய் ராக் குழுக்களின் ஒலிநாடா வழியாக வந்தது. லயத்து வாசலில் உறுமி பழகிய பையன்களே உள்ளே போய் ‘ராக் காபாக்’ எனப்பட்ட அந்த மலாய் ராக்கைக் கேட்டார்கள். 1992-இல் நீளமுடிக்காரர்களை அரசு வானொலி, தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று தகவல் அமைச்சர் தடைபோட்டதும், அந்தக் குழுவினர் முடியை வெட்டிக்கொண்டதும் அந்தத் தலைமுறைக்கு நினைவிருக்கும். 2001-இல் மெட்டலின் இருண்ட கிளையான ‘பிளாக் மெட்டல்’ இசைக்கு எதிர்ப்பு வந்தபோது கறுப்புச் சட்டை போட்டவனையெல்லாம் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஜூடாஸ் பிரீஸ்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? ஆகவே இந்த ஊரில் மெட்டல் ஆல்பத்தைப் பொருளாக வாங்கி வரவேற்பறையில் வைப்பது என்பதே சற்றுப் புதிய வழக்கம்.

வேறு ஆல்பம் வாங்கலாமே என்பவர்களுக்கும் சுருக்கமாக ஒரு பதில். அதே 2024-இன் தொடக்கத்தில் பாரம்பரிய மெட்டலில் இன்னும் இரண்டு பெரிய பெயர்கள் வந்தன. சாக்சன் குழுவின் ‘ஹெல், ஃபயர் அண்ட் டாம்னேஷன்’ ஜனவரி 19-இல் வந்தது. டயமண்ட் ஹெட் குழுவின் பிரையன் டாட்லர் அதில் கிதார் வாசிக்கிறார். நேர்கோட்டில் ஓடும் நல்ல ஆல்பம், ஆனால் பிரீஸ்டின் வண்ண மாறுதல் அதில் இல்லை. அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் தனி ஆல்பமான ‘தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்’ மார்ச் 1-இல் வந்தது. அது பொறுமை கேட்பது. முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பவருக்கு அல்ல. பிரீஸ்டின் முந்தைய ஆல்பமான ‘ஃபயர்பவர்’ (2018) உங்களிடம் இல்லையென்றால் அது மட்டுமே உண்மையான போட்டி. 14 பாடல்கள், 58 நிமிடம். ஸ்னீப்போடு பழைய தயாரிப்பாளர் டாம் ஆலமும் சேர்ந்து செய்தது. எனக்கு அதில் இரண்டு மூன்று பாடல்கள் மிகை. புதியதில் ஒன்றுகூட மிகையாகத் தெரியவில்லை. ஆகவே புதியதே.

இனி ஸ்ட்ரீமிங். இதைத் திட்டுவது எங்கள் கூட்டத்தில் நாகரிகமாகிவிட்டது. நான் திட்டப் போவதில்லை. ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, ஆங்கில மெட்டல் தட்டு விற்கும் கடை ஒன்றுகூட இல்லாத ஊரில், வெளியான அன்றே நள்ளிரவில் ஆல்பம் காதுக்குள் வந்துவிடுகிறது. முன்பு இதற்காகக் கோலாலம்பூர் போய்வரும் உறவினரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. மாதக் கட்டணம் ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. ஆல்பம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் மூன்று குறைகள் இருக்கின்றன. முதலாவது, தோட்டச் சாலை. டவுனுக்குள்ளும் தாமான் வீடுகளிலும் அலைவரிசை நன்றாகவே இருக்கிறது. செம்பனைக்குள் போகப் போகக் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் இது தீரும். 320 கிலோபிட் தரத்தில் முழு ஆல்பமும் சுமார் 125 மெகாபைட்; எந்தக் கைப்பேசியும் தாங்கும். ஆகவே இதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை.

இரண்டாவது குறை ஒலித் தரம். இதைப் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். ஆப்பிள் மியூசிக் 2021 முதல், பதிவில் எதையும் வெட்டிச் சுருக்காத இழப்பில்லாத் தரத்தைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. அது சி.டி. தரத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் அதை ப்ளூடூத் காதணியில் கேட்டால், கைப்பேசியே அந்த ஒலியை மீண்டும் சுருக்கித்தான் அனுப்புகிறது. இழப்பில்லாத் தரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கம்பியில்லாக் காதணியில் கேட்பவர் எதையும் கூடுதலாகப் பெறவில்லை. கம்பியுள்ள காதணியும், கைப்பேசியில் செருகும் சிறு ஒலிமாற்றியும் இருந்தால் அது வேறு கதை.

மூன்றாவதுதான் உண்மையான குறை: ஆல்பம் அங்கே ஆல்பமாக இருப்பதில்லை. இலவசக் கணக்கில் இரண்டு பாடலுக்கு இடையே விளம்பரம் புகுகிறது. கட்டணக் கணக்கிலும் கடைசிப் பாடல் முடிந்ததும் இதே போன்ற வேறு எதையோ தானாகவே ஓடவிடுகிறது. ‘ஜயன்ட்ஸ் இன் தி ஸ்கை’ முடிந்த பிறகு தேவைப்படுவது அரை நிமிட மௌனம். அடுத்த நொடியே இன்னொரு குழுவின் டிரம்ஸ் அடி விழுந்தால் அந்த அஞ்சலிக்கு என்ன மரியாதை? தானியங்கி ஓட்டத்தை அணைத்துவைக்க முடியும்தான். எத்தனை பேர் அணைக்கிறார்கள்? அதோடு வாட்ஸ்அப் செய்தி, தமக்கையின் அழைப்பு, வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் அதே கருவியில்தான் வருகின்றன.

இப்போது எல்.பி. இதன் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. 12 அங்குல அட்டையில் அந்த உலோகக் கேடயத்தைப் பார்ப்பதும், கைப்பேசியில் தபால்தலை அளவில் பார்ப்பதும் ஒன்றல்ல. இந்த ஆல்பம் இரண்டு தட்டுகளாக வருகிறது. 52 நிமிடத்தை நான்கு பக்கங்களுக்குப் பிரித்தால் பக்கத்துக்குச் சராசரி 13 நிமிடம். ஒலியியல் கணக்கில் இது நல்ல செய்தி. ஒரு பக்கத்தில் 25 நிமிடத்தைத் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி மெலிந்து, தாழ்சுருதியும் சுருங்கும். 13 நிமிடத்துக்குப் பள்ளங்களை அகலமாக வெட்டலாம். ஒலி கனமாக நிற்கும். தட்டின் உட்புறத்துக்கு வரவர உயர்சுருதி கரகரக்கும் கோளாறும் குறையும்.

இதே 13 நிமிடம் கேட்பவருக்குக் கெட்ட செய்தி. முன்னே சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள்: பாய்ச்சல், பாய்ச்சல், நீண்ட உச்சம், பிறகு இறக்கம். அந்த இறக்கத்துக்குள் போகும் நேரத்தில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். அடுத்த கால்மணி நேரத்தில் மறுபடி எழுந்து தட்டையே மாற்ற வேண்டும். 40 நிமிடப் பழைய ஆல்பத்துக்கு ஒரே ஒரு திருப்பம்தான். அந்த இடைவெளியை மனத்தில் வைத்தே அக்காலத்தில் பாடல்களை அடுக்கினார்கள். 52 நிமிட ஆல்பத்தை நான்காக நறுக்கும்போது அந்த நயம் கிடைப்பதில்லை. இதைச் சடங்காக ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். ரசிக்கட்டும். எனக்கு அது இடையூறு.

‘எல்.பி. ஒலி இயல்பானது, சி.டி. ஒலி நசுக்கியது’ என்பது எங்கள் வேனில் அடிக்கடி வரும் வாதம். இதில் பாதிதான் உண்மை. இன்றைய மெட்டல் ஆல்பங்களை மிக உரத்த ஒலியில் முடிக்கிறார்கள். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடுகிறது. ஸ்னீப்பின் கைவண்ணமும் இந்தப் பள்ளியைச் சேர்ந்ததே. ஆனால் அந்த நசுக்கல் கலவையிலும் இறுதி மெருகிலும் நடப்பது. நசுக்கிய பதிவிலிருந்தே எல்.பி.யை வெட்டினால், தட்டு கறுப்பாக இருப்பதால் ஒலி விரிந்துவிடாது. எல்.பி.க்கெனத் தனியாக மெருகிட்டால்தான் வித்தியாசம். மற்றபடி சி.டி.யின் கொள்ளளவில் குறை இல்லை: 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஏட்டளவில் 96 டெசிபல் வீச்சு. எந்த எல்.பி.யும் அந்த வீச்சை எட்டாது. ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவருகின்றன. அதிக உரப்போடு முடித்த ஆல்பத்தை அவை தணித்தே ஒலிக்கவிடும். கத்துவதற்காக நசுக்கினார்கள், கத்தவும் விடவில்லை, நசுக்கல் மட்டும் மிச்சம்.

இனி நம் ஊர்த் தட்பவெப்பம். இதைப் பற்றி வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது பிரச்சினையே அல்ல. பேராக்கில் மழைக்காலம் வந்தால் தோல் செருப்பே பூசணம் பிடிக்கிறது. எல்.பி.யின் அட்டையும் உள்ளுறையும் காகிதம். ஈரத்தை உறிஞ்சும், பழுப்புப் புள்ளி விழும், பிறகு பூசணம் பள்ளத்துக்குள் இறங்கும். ஊசி அதன்மேல் ஓடும்போது பட்பட்டென்று வெடிக்கும். ‘அந்தச் சத்தம்தானே அழகு’ என்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை. சிலிகா ஜெல் பொட்டலம், மூடிய அலமாரி, பிளாஸ்டிக் உள்ளுறை, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் ஆகியவற்றைச் செய்ய முடிந்தால் தட்டு பிழைக்கும். சி.டி.யின் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளும் கையேட்டுக் காகிதம் பாதிக்கப்படும். ஆனால் தட்டைத் துடைத்தால் பாட்டு வந்துவிடும்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. எல்.பி. செய்யப்படுவது பி.வி.சி. பிளாஸ்டிக்கில். வெயிலில் நிற்கும் மூடிய வேனுக்குள் அது இளகி வளைவதற்குப் போதுமான சூடு எளிதில் ஏறிவிடும். எனக்கு ஒருமுறை இணையக் கடை ஒன்றிலிருந்து வந்த தட்டு தோசைக்கல்லில் வைத்து எடுத்தது மாதிரி நெளிந்திருந்தது. அது வழியில் எங்கே நெளிந்தது என்பது கடைக்காரருக்கும் தெரியவில்லை, கொண்டுவந்தவருக்கும் தெரியவில்லை. மாற்றித் தருவதற்கு அவர்கள் கேட்ட புகைப்படங்களில் ஒரு திருமண ஆல்பமே போட்டிருக்கலாம்.

சுழல்மேசை இல்லாதவருக்குச் செலவு அங்கிருந்து தொடங்குகிறது. நல்ல பழைய ஜப்பானியக் கருவிகள் இங்கே விற்பனைக்கு வருகின்றன, மலிவாகவும் தெரிகின்றன. அவற்றில் பல 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் குறைக்கும் கருவி இல்லாமல் நேரே செருகினால் புகையோடு கதை முடியும். மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வேகம் மாறும் பழைய வகை ஒத்தியங்கு மோட்டார் உள்ளதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: ஒசாகா பக்கத்து 60 ஹெர்ட்ஸுக்கு அமைத்த கருவி இங்கே மெதுவாகச் சுற்றும், ஹால்ஃபோர்டின் உச்சக் குரல் அரைத்தூக்கத்தில் கேட்கும். வாங்கும் முன் பின்பக்கத்து முத்திரையைப் படியுங்கள். இதற்கு மேல் ஊசி, முன்பெருக்கி, ஒலிபெருக்கி எல்லாம் வேண்டும். இடிமின்னல் மாலைகளில் செருகியைக் கழற்றிவைக்கவும் வேண்டும். இவ்வளவும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், எல்.பி. வாங்குங்கள். இந்த ஒரு ஆல்பத்துக்காக இதையெல்லாம் தொடங்க நினைப்பவருக்கே என் எச்சரிக்கை.

சி.டி.யைப் பற்றிச் சொல்வதற்கு இவ்வளவு இல்லை. அதுவே அதன் சிறப்பு. 52 நிமிடமும் ஒரே தட்டில், ஒரே ஓட்டத்தில். வரிசை கலைவதில்லை, திருப்ப வேண்டியதில்லை, முடிந்ததும் நின்றுவிடுகிறது. இரட்டை எல்.பி.யின் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. கருவிக்கும் பெரிய செலவில்லை. வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கும் பழைய டி.வி.டி. பெட்டியே போதும்; எம்.பி.3 காலத்தில் திருட்டுத் தட்டு போட்டு ஓட்டியதுதானே அது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்போது ஒரு தட்டில் நூறு பாட்டுக் கிடைத்தது. அதில் எந்தப் பாட்டு எந்த ஆல்பத்தைச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்று ஸ்ட்ரீமிங் பட்டியல்களைப் பார்த்தால் அந்தத் தட்டுகளே ஞாபகத்துக்கு வருகின்றன.

காரில் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். முதல் தலைமுறை மைவி வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி, அதில் சி.டி. ஓடும். புதிய கார்களில் பெரும்பாலும் தட்டு நுழைய இடமே இல்லை. அதனால் சி.டி. வீணாகாது. கணினியில் ஒருமுறை அதை இழப்பில்லாக் கோப்புகளாகப் பெயர்த்து எடுத்து, யு.எஸ்.பி. குச்சியில் போட்டுக்கொள்ளலாம். சுருக்காத நிலையில் முழு ஆல்பமும் 550 மெகாபைட் அளவு. சுருக்கினால் அதைவிடக் குறையும். அலைவரிசை இல்லாத தோட்டச் சாலையிலும் அது பாடும்; சந்தா நின்றாலும் பாடும்; நாளை எந்த நிறுவனத்தோடு எந்த நிறுவனம் சண்டை போட்டுப் பாடல்களை நீக்கினாலும் பாடும். தனிப்பட்ட முறையில் எனக்கு இதுவே பெரிய காரணம்.

ஒட்டிய சுவர் வீடுகளில் வசிப்பவர்களுக்கு எந்த வடிவமும் ஒன்றுதான். பக்கத்து வீட்டு அக்கா பூசைக்கு விளக்கேற்றும் நேரத்தில் ‘பேனிக் அட்டாக்’ போட்டால் எல்.பி.யின் வெதுவெதுப்பு யாரையும் காப்பாற்றாது. உறுமி மேளத்துக்குப் பழகிய தெரு என்றாலும் மாலை ஏழு மணிக்கு ஓர் எல்லை இருக்கிறது.

சி.டி. என்று முடிவுசெய்த பிறகு சாதாரணப் பதிப்பா, 14 பாடல்கள் கொண்ட சிறப்புப் பதிப்பா என்று இன்னொரு கேள்வி நிற்கும். கூடுதல் மூன்று பாடல்களில் ‘தி லாட்ஜர்’ என்பதை எழுதியவர் பாப் ஹாலிகன். 1980-களில் இதே குழுவுக்குப் பாடல் தந்தவர். நாடகத்தனமாக, மெதுவாக நகரும் பாட்டு, சுவாரசியமானதும்கூட. ஆனாலும் நான் சாதாரணப் பதிப்பையே சொல்வேன். அஞ்சலியோடு மூடிய கதவை மூன்று பாடலுக்காக மறுபடி திறப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்த மூன்றையும் ஸ்ட்ரீமிங்கில் தனியே கேட்டுக்கொள்ளலாம். அவற்றுக்கு அதுவே பொருத்தமான இடம். எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் சேகரிப்பாளருக்கு இந்த நியாயம் எடுபடாது, அவர் எப்படியும் இரண்டையும் வாங்குவார்.

யார் என் பேச்சைக் கேட்கக் கூடாது? சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்த்து, பையோடு வாழ்பவர். அவருக்குத் தட்டே சுமை, கம்பியுள்ள நல்ல காதணி ஒன்று போதும். சுழல்மேசையும் உலர்ந்த அலமாரியும் ஏற்கெனவே உள்ளவர், அவர் எல்.பி. வாங்கட்டும், என்னையும் ஒருநாள் அழைக்கட்டும். ஆல்பத்தில் இரண்டு பாடல் மட்டும் பிடித்தவர். அவர் எதையும் வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் சட்டை வாங்கட்டும். மெட்டலே பெரிதாகப் பழக்கமில்லாமல், சமஸ்கிருத மந்திரமும் கிதாரும் கலந்த சிங்கப்பூர் ‘ருத்ரா’ குழு வழியாக இங்கே வந்து சேர்ந்த தம்பிகளுக்கு ஸ்ட்ரீமிங்கில் ஒரு மாதம் கேட்டுவிட்டு முடிவுசெய்வது நல்லது. ருத்ராவின் கடுமைக்குப் பழகிய காதுக்குப் பிரீஸ்ட் முதலில் மென்மையாகவே படும்.

வாங்குவதில் இரண்டு வழிகள். ஒன்று, நேரில். நம் ஊர் நிலையத்தில் இ.டி.எஸ். ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கிளானா ஜெயா வழித்தட எல்.ஆர்.டி.யில் தாமான் ஜெயா போனால் அம்கார்ப் மால். பழைய தட்டுகளுக்குப் பெயர்போன இடம், வார இறுதியில் களைகட்டும். புதிய ஆல்பம் அங்கே இருந்தே தீரும் என்று நம்பிப் போகாதீர்கள். பழைய பிரீஸ்ட் தட்டு கிடைத்தால் அதுவே லாபம். ரயில் செலவையும் மதியச் சாப்பாட்டையும் கூட்டினால் சி.டி.யின் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மற்றது, இணையம். 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்தால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. முன்பு இருந்த விலக்கு இப்போது இல்லை. விற்பனைத் தளங்கள் பெரும்பாலும் பணம் செலுத்தும்போதே அதைச் சேர்த்துவிடுகின்றன. அஞ்சல் கட்டணம் எடைக்கு ஏற்ப ஏறும். பெட்டியோடு சி.டி. நூறு கிராம் அளவு, இரட்டை எல்.பி. கெட்டி அட்டைப் பொதியோடு ஒரு கிலோவை நெருங்கும். மூன்று நான்கு பேர் சேர்ந்து சி.டி.களை ஒரே பொட்டலமாக வரவழைத்தால் ஆளுக்கு விழும் அஞ்சல் செலவு நன்றாகக் குறையும், வரி விகிதம் மட்டும் மாறாது. வழியில் பிளாஸ்டிக் பெட்டி விரிசல் விட்டு வந்தால் திருப்பி அனுப்பிச் சண்டை போட வேண்டாம். வீட்டில் தேடினால் ஏதோ ஒரு பழைய திரைப்படப் பாடல் சி.டி.யின் பெட்டி காலியாகக் கிடக்கும், அதில் மாற்றிக்கொள்ளுங்கள்.